நான் கையெழுத்துப் போடாத மகஜர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காப்பியும் வரவில்லை, பத்திரிகையும் முழுசாகப் பிரிக்கவில்லை, அந்த நேரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று கனவான்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் மரியாதைக்குரியவர்கள். ஒருவர் பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மருந்துக் கம்பெனிப் பிரமுகர். மூன்றாமவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசி. அவர் கையில் ஒரு மகஜர் இருந்தது. அதில் அதுவரை நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாவதாக என்னைப் போடச் சொன்னார்கள்.

மகஜரின் சாரம் இது: எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் தினந்தோறும் கடற்கரையிலும் குப்பத்திலும் சுற்றித் திரிந்து, நம் ஊரின் அழுக்கையும் ஏழ்மையையும் படம் பிடிக்கிறார், அவற்றைக் கண்காட்சியாக வைத்து நம் நகரத்தை இழிவுபடுத்துகிறார், அவரை இந்தக் காரியத்திலிருந்து தடுத்து நிறுத்த அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன சார், நீங்க ஒரு எழுத்தாளர். மொதல் கையெழுத்தே உங்களுடையதா இருந்திருக்கணும்" என்றார் காரியதரிசி.

"எழுத்தாளன் என்பதால்தான் போடவில்லை" என்றேன். அவர் அதற்கு விளக்கம் கேட்டார். எனக்கு நேரில் விவாதம் வராது. எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் என் நியாயமெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மனைவிக்குச் சென்னையில் உத்தியோகம் ஆனதால் கூடவே வந்தவர். 2016-ஆம் வருஷம் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் வர்தா புயல் அடித்தது. டிசம்பர் 12-ஆம் தேதி எங்கள் தெருவின் மரங்களெல்லாம் குப்புற விழுந்து கிடந்தபோது, நாமெல்லோரும் மின்சாரம் எப்போது வரும் என்று வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அன்றிலிருந்து நாளைக்கு ஒரு படம். ஒரு நாளைக்கு நூறு எடுத்தாலும் அதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வாராம். அதன் பின்புறம் தேதி எழுதி அட்டைப் பெட்டியில் போட்டுவிடுவாராம். குப்பத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கேமராத் தாத்தா.'

அவர் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். மகஜரில் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரில் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. காரியதரிசி போகவில்லை என்பது தெரியும். அங்கே என்ன இருந்தது? விடியற்காலையில் ஃபைபர் படகு கரையேறும்போது பன்னிரண்டு தோள்கள் ஒன்றாக முட்டுக் கொடுக்கும் படம் இருந்தது. லாரித் தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், குடத்துக்குப் பதிலாக இடம் பிடித்து நிற்கும் ஒரு செங்கல். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்க நீட்டிய தூக்குப் போசிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று கொண்டு ஐஸ்பெட்டியைத் தலையில் ஏந்திய ஒருவன். 2025 ஜனவரியில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துச் சென்னைக் கரையில் ஒதுங்கியபோது, அவற்றில் ஒன்றின் ஓட்டைத் தொட்டுப் பார்க்கும் ஒரு சிறுமி.

இதில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. இருக்கிறது. செங்கல்லுக்குப் பக்கத்தில் சாக்கடை ஓடுகிறது. சிறுமியின் காலடியில் பிளாஸ்டிக் பைகள் கிடக்கின்றன. என் கேள்வி வேறு. அந்தச் சாக்கடை அவர் கேமராவிலிருந்தா வழிகிறது?

எங்கள் கனவான்களை நான் தினமும் காலையில் கடற்கரையில் பார்க்கிறேன். அந்தச் சாக்கடையின் ஓரமாகத்தான் நடக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறார்கள். இத்தனை வருஷங்களில் அந்தச் சாக்கடையைப் பற்றி ஒரு மகஜர் தயாரானதாக எனக்கு ஞாபகம் இல்லை. சாக்கடை நாறினபோது எழுதாத பேனா, சாக்கடையின் படம் மாட்டப்பட்டபோது எழுதுகிறது. நமக்கு வியாதியைப் பற்றிக் கவலையில்லை. வைத்தியச் சீட்டை யாராவது படித்துவிடப் போகிறார்களே என்றுதான் கவலை.

கேமரா வேண்டாம் என்பதும் அல்ல இவர்கள் கட்சி. எலியட்ஸ் கடற்கரைக்கு எந்த நாள் காலையிலும் போய்ப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து ஓடி வருகிறார்கள். முன்னால் ஒருவன் கேமராவோடு பின்னோக்கி ஓடுகிறான். அங்கே நிற்கிறதே ஷ்மிட் நினைவு மண்டபம், அது 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் கடலில் சிக்கிய பிறரைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன ஓர் ஐரோப்பியருக்காகக் கட்டியது. அது ஒரு மனிதனின் மரணத்துக்கு அடையாளம் என்பது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. பின்னணிக்கு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு படகையும் பின்னணியாக வைத்துக்கொள்கிறார்கள். படகுக்காரன் கொஞ்சம் நகர்ந்து நிற்க வேண்டும்! படகு வேண்டும், படகுக்காரன் கூடாது. கடல் வேண்டும், மீன் நாற்றம் கூடாது. இந்தப் படங்களால் நகரத்துக்கு இழிவு வந்துவிட்டதாக யாரும் மகஜர் எழுதவில்லை. வெள்ளைக்காரர் செய்த குற்றம் படம் எடுத்தது அல்ல. படகுக்காரனை நகரச் சொல்லாமல் எடுத்தது.

இதைச் சொன்னதும் என் நண்பர்கள் இரண்டாவது அஸ்திரத்தை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "வெள்ளைக்காரன் கேமராவின் சரித்திரம் உமக்குத் தெரியாதா?" என்பார்கள். தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அவர்கள் கட்சிக்கு வேண்டிய சாட்சியத்தை நானே கொடுக்கிறேன்.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போய்ப் படமெடுத்தார். பெரிய கோயிலின் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அற்புதமான வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் அவர் படங்களில் கோயில் இருக்கிறது, கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாத பொருள்தான் வேண்டும். அசைகிற மனுஷன் அதில் பதிய மாட்டான் என்பது ஒரு காரணம். ஆனால் அரசாங்கம் அவரிடம் கேட்டதும் கட்டிடங்களைத்தான். பிறகு மனிதர்களையும் கேட்டது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. அதில் நம்மவர்கள் சாதி வாரியாக, இன வாரியாக, பூச்சி சேகரிப்பவன் பூச்சிகளைக் குத்தி வைப்பதுபோல வைக்கப்பட்டார்கள்.

அதைவிடக் கொடியதும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் படமெடுத்தார். குடும்பப் படத்துக்கு உட்கார வைப்பதுபோல வரிசை பிரித்து, உயரம் பார்த்து உட்கார வைத்தார். பசித்தவனுக்கு உதவாமல் அவனைப் படம் பிடிப்பதா என்று லண்டன் கேலிப் பத்திரிகையான 'பஞ்ச்' கூட அவரைச் சாடியது. அதே மனிதர் 1886-ல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேறும் விநாடியைப் படம் பிடிக்கப் போய் விசாரணைக்கு ஆளானார்.

ஆகவே, 'கேமரா ஒரு சாதுவான பெட்டி' என்று நான் வாதாட வரவில்லை. 'அவர் இங்கேயே ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறாரே, நம்மவர் ஆகிவிட்டாரே' என்றும் சொல்ல மாட்டேன். ஹூப்பரும் மதராஸ் குதிரைப்படையில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர்தான். ஓர் ஊரில் நீண்ட காலம் இருப்பது மட்டும் நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடாது. அப்படி ஆகுமானால் எங்கள் காரியதரிசிக்கு முதல் பரிசு கொடுக்க வேண்டும். அவர் முப்பது வருஷமாகக் குப்பத்துக்கு இருநூறு கஜ தூரத்தில் இருக்கிறார், ஒரு மீன்காரியின் பெயர் அவருக்குத் தெரியாது.

பின்னே வித்தியாசம் எங்கே இருக்கிறது? 'தினமும்' என்ற ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஹூப்பர் படமெடுத்தவர்களை அவர் மறுநாள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பலர் மறுநாள் இருந்திருக்கவும் மாட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்குகிற உல்லாசப் பயணிக்கும் அந்த அவசியம் இல்லை. அவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆனால் நாளைக்கு ஒரு படம் என்று ஒரே கரையில் எடுக்கிறவன், நேற்று எடுத்த முகத்தின் எதிரே இன்று போய் நிற்க வேண்டும். "இன்னா தாத்தா, நேத்து எடுத்த படம் எங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஏமாற்றினால் மறுநாள் அந்தக் கரையில் கால் வைக்க முடியாது. முதல் படம் எடுக்கும்போது மீன்காரி ஒரு காட்சி. நூறாவது படம் எடுக்கும்போது அவள் ஒரு கடன்காரி. கொடுத்ததைக் கேட்க உரிமை உள்ளவள். இந்தக் கணக்குத்தான் நான் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம்.

ஆனால் கனவான்களே, அவர் இந்தக் கணக்கை ஒழுங்காகத் தீர்த்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அவரோடு ஒரு வழக்கு உண்டு. உங்கள் மகஜரில் அது ஒரு வரிகூட இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். கடலில் இல்லை, ஆஸ்பத்திரியில். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் முதல் வேலையாகப் படம் தேடுகிறோம். ஆல்பம் ஆல்பமாகப் புரட்டி, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி மாலை போடுகிறோம். அந்த வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டையில் இருந்த படம் ஒன்றுதான். நகக்கண் அளவு. அதில் இருப்பவர் தன் புருஷன்தான் என்று அந்த அம்மாளுக்கே சொல்லித்தான் தெரிய வேண்டும். அதைப் பெரிதாக்கினால் கரும்புள்ளிகள்தான் பெரிதாயின.

அதே சமயத்தில் அதே மனிதரின் முகம், நகரத்தின் மறுகோடியில் குளிர்சாதன வசதியுள்ள ஒரு கூடத்தில், இரண்டடிக்கு மூன்றடி அளவில், கறுப்புச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. திறந்த மார்பு, மடியில் வலை, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. கீழே 18,000 ரூபாய் என்று விலைச்சீட்டு. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரைக்கேறியது. ஊரார் சுவருக்கெல்லாம் இவர் சிரிப்பு இருக்கிறது. இவர் வீட்டுச் சுவருக்கு இல்லை!

நான் அவரிடமே போய்ச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் கோபமாகப் பேச வராது. கல்லூரியைப் பாதியில் விட்டவன். தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது. பாதி போதுமானதாக இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. "அவர்கள் கேட்கவில்லையே" என்றார். "அவர்கள் கேட்கக் கூடியது என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?" என்றேன். மறுநாளே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் குப்பத்துக்குப் போனோம்.

அந்த அம்மாள் படத்தை நெடுநேரம் பார்த்தார். அழவில்லை. கடைசியில் என்னிடம் திரும்பி, "சார், நல்லாத்தான் கீது. ஒரு வெள்ளைச் சட்டை போட முடியுமானு தாத்தாவக் கேளுங்க" என்றார்.

தாத்தாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. அந்த வெற்று மார்புதான் படமே என்று அவர் நினைத்திருந்தார். சட்டை போட்டால் அது பொய் என்றார். நானும் அவர் கட்சிதான். கலைஞர்கள் அல்லவா நாங்கள்! மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"உசுரோட இருந்தப்ப கடலுக்குப் போற ஆளுக்குச் சட்டை எதுக்குன்னு சொல்லும் அது. என் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கினு நிக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. அது பொய்யா சார்?" என்றார் அந்த அம்மாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோப் பையன் பத்து நிமிஷத்தில் வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டான். இன்று அந்த வீட்டில் அந்தப் படம்தான் மாலையோடு இருக்கிறது. சிரிப்பு கேமராத் தாத்தா எடுத்தது. சட்டை அந்த அம்மாள் போட்டது. இரண்டு படங்களில் எது நிஜம் என்று நீங்கள் கேட்டால், இரண்டு பேரும் அவரவர் பார்த்ததைச் சொன்னார்கள் என்றுதான் நான் சொல்லுவேன். ஆனால் ஒன்று நிச்சயம். முகத்துக்குச் சொந்தக்காரருக்கு முதல் பிரதி போய்ச் சேர வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் அந்தப் படம் சுவருக்குப் போகக் கூடாது. விலை வந்தால் அதில் பங்கு வர வேண்டும். இந்த மூன்றையும் மகஜரில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. கேமராத் தாத்தாவும் போடுவார் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் அவர் சட்டைப் பையில் ஒரு தபால் உறை இருக்கிறது. அதில் அந்தந்த வாரத்துப் பிரதிகள்.

இத்துடன் முடித்திருந்தால் நான் பெரிய நியாயவான் என்று பெயரெடுத்திருக்கலாம். முடியவில்லை. குப்பத்திலிருந்து திரும்பி வரும்போதே என் நெஞ்சில் ஒன்று குத்த ஆரம்பித்துவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கதை எழுதினேன். மீன்காரி ஒருத்தியைப் பற்றிய கதை. புயல் அன்று கடலுக்குப் போன புருஷன் திரும்பி வருகிற வரையில் அவள் கரையில் உட்கார்ந்திருக்கும் கதை. யாரைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தக் கதைக்கு எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. உங்களில் பலர் அதைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினீர்கள். எங்கள் காரியதரிசியின் சம்சாரம்கூட எழுதினார். ஒருவர்கூட, 'நம் ஊர் ஏழ்மையை எழுதி நகரத்தை இழிவுபடுத்திவிட்டான்' என்று சொல்லவில்லை. கதைக்குச் சொந்தக்காரிக்கு அப்படி ஒரு கதை இருப்பதே தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் பிரதியைப் பற்றி வெள்ளைக்காரருக்கு உபதேசம் செய்த நான், பன்னிரண்டு வருஷமாக அவரிடம் மீன் வாங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறு வாரம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். வியாபாரம் முடிந்த நேரத்தில் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார். அவை நான் சிரிப்பதற்காக எழுதின இடங்கள் அல்ல. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"நான் அழுதேன் அழுதேன்னு எழுதிக்கிறீங்களே சார், நான் எங்க அழுதேன்? அன்னிக்கு நான் குடத்த எடுத்துக்கினு தண்ணிக்குல்ல போயிருந்தேன்? அழுதுக்கினு குந்தியிருந்தா புள்ளைங்களுக்கு ஆரு சோறு ஆக்குறது?"

எனக்குப் பதில் இல்லை. அந்தக் கண்ணீர் முழுவதும் என்னுடையது. உங்களுக்காக நான் வரவழைத்தது. வெள்ளைக்காரர் எடுத்த படத்தில் அவர் புருஷன் சிரிக்கிறார். ஏனென்றால் அவர் சிரித்தார். நான் எழுதிய கதையில் அவர் அழுகிறார். ஏனென்றால் அழுதால்தான் உங்களுக்குப் பிடிக்கும். உள்ளதைக் காட்டியவருக்கு மகஜர். இல்லாததைக் காட்டியவனுக்குப் பரிசு. இந்த ஊரை இழிவுபடுத்தியது யார் என்ற விசாரணை நடந்தால், கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நான். நாற்பத்திரண்டாவது கையெழுத்தை நான் எந்த முகத்தோடு போடுவது?

கடைசியாக என் நண்பர்களுக்கு ஒரு சேதி. வெள்ளைக்காரரைத் தடுப்பது சுலபம். அவர் மனைவியின் உத்தியோகம் முடிந்தால் தானே போய்விடுவார். ஆனால் கேமரா போகாது. மீன் விற்ற தாய்க்குப் பிறந்த எம். பழனிகுமார் என்ற தமிழர் இன்று நாடறிந்த புகைப்படக்காரர். சாக்கடைக் குழியில் இறக்கிவிடப்படுகிற மனிதர்களை அவர் வருஷக்கணக்காகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எந்த அயல்நாட்டான் எடுத்தான் என்று அவரைக் குறித்து மகஜர் எழுத முடியாது. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் கையிலும் இப்போது கைபேசி இருக்கிறது. கேமராத் தாத்தாவைப் பார்த்துப் பார்த்து, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

ஆமை ஓட்டைத் தொட்டாளே, அந்தச் சிறுமி, போன வாரம் எங்கள் தெருவின் பின்பக்கம் நின்று எதையோ படமெடுத்துக்கொண்டிருந்தாள். என்ன பாப்பா என்று கேட்டேன். காட்டினாள். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கழிவுக் குழாய். அது மழைநீர்க் கால்வாயில் போய்ச் சேர்கிற இடம்.

அந்தக் கால்வாய்தான் குப்பத்தின் வழியாகக் கடலுக்குப் போகிறது.